கருவாட்டுச் சாக்கும் செவலைக் குதிரையும்

குதிரையை வேட்டைக்குத் தயார் செய்வதென்றால் முதல் ஒரு மாதம் அதை ஓடவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. அப்புத்தளைக்கு மேலே, ஹோட்டலாகிவிட்ட அந்தப் பழைய பங்களாவின் மெனேஜருக்கு இதைப் பதினொரு தடவை சொன்னேன். பதினொரு தடவையும் அவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். பன்னிரண்டாவது தடவை நான் வாயைத் திறக்கவில்லை. அதற்குள் எனக்கு அவரைப் பிடிக்காமல் போயிருந்தது.

அவர் கொழும்புத் தமிழர். வயது முப்பத்தைந்துகூட இருக்காது. முதல் நாளே என்னை "அங்கிள்" என்றார். நான் அவரைத் "தம்பி" என்றேன். அவர் முகம் சுளித்ததால் அதையே நிலையாக்கிக்கொண்டேன்.

நான் கொழும்பில் ஓர் அரசாங்கக் குதிரைக் கொட்டிலில் களஞ்சியக் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். முப்பத்தொரு வருடம் ஓட்ஸ் மூட்டையும் லாடமும் லாட ஆணியும் எண்ணியவன். குதிரை ஏறத் தெரியாது. ஆனால் எந்தக் குதிரை எவ்வளவு தின்றது, எவ்வளவு வேலை செய்தது, எப்போது நொண்டியது என்பதை அருகிலிருந்து பார்த்தவன். ஏறத் தெரிந்தவர்கள் பலர் இதைப் பார்ப்பதில்லை. ஓய்வுக்குப் பிறகு பதுளையில் மகள் வீட்டில் இருந்தேன். எரியும் பல்புகளை நான் எண்ணுவது மருமகனுக்குப் பொறுக்கவில்லை. ஆகவே பங்களாவில் நாலு குதிரைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவை என்று கேள்விப்பட்டதும் பெட்டியைக் கட்டிவிட்டேன்.

வேட்டை என்றதும் மானையோ பன்றியையோ நினைக்க வேண்டாம். அதற்குச் சட்டம் இடம் தராது. முன்னொரு காலத்தில் வெள்ளைக்காரத் துரைமார் குதிரையில் போய் மான் வேட்டையாடிய மலை இது என்று மெனேஜர் இணையத்தில் விளம்பரம் போட்டிருந்தார். இப்போதைய ஏற்பாடு வேறு. கட்டாக் கருவாடு ஊறிய தண்ணீரில் ஒரு சாக்கை நனைத்து, கயிற்றில் கட்டி, ஓர் ஆள் மலையெல்லாம் இழுத்துக்கொண்டு போவார். ஒரு மணி நேரம் கழித்து நாய்களை அவிழ்த்துவிடுவார்கள். நாய்கள் வாசனை பிடித்து ஓடும். நாய்களின் பின்னால், சிவப்புக் கோட்டு மாட்டிய வெளிநாட்டுக்காரர்கள் குதிரையில் ஓடுவார்கள். மழை ஓய்ந்து வெயில் வரும் பெப்ரவரியில் தொடங்கி, இரண்டு மாதத்துக்கு இந்தக் கூத்து நடக்கும்.

நாய்கள், கீழே தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்து நாய்கள், பதினொன்று. அவற்றைத் தயார் செய்ய யாரும் தேவைப்படவில்லை. கருவாட்டுச் சாக்கைக் கண்ட முதல் நாளே எல்லாம் தேர்ச்சி பெற்றுவிட்டன.

குதிரைகள் அப்படியல்ல. நான் போனபோது நாலும் ஆறு மாதம் சும்மா புல் தின்று, மழைத் தண்ணீர் பிடிக்கும் பீப்பாய் மாதிரி வயிறோடு நின்றன. மூன்று ஆண் குதிரைகளும் கடிக்கும், உதைக்கும். நாலாவது ஒரு செவலைப் பெட்டை. கடிக்காது, உதைக்காது, கால் தூக்கச் சொன்னால் தூக்கும். அதன் மேல் எனக்குப் பிரியம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒழுங்கான குதிரை, அவ்வளவுதான்.

மெனேஜர் முதல் வாரமே சட்டத்தைச் சொல்லிவிட்டார். "அங்கிள், பெப்ரவரி முதல் சனிக்கிழமை நாலு கெஸ்ட் வாறாங்க. நாலு குதிரையும் ஓடணும். எது ஓடல்லயோ அதை நுவரெலியா ஏரிக்கரைக்குக் குடுத்திருவேன். ஆள் கேட்டுக்கொண்டே இருக்கிறான்."

ஏரிக்கரை என்றால் என்னவென்று கொட்டிலில் வேலை செய்த குதிரைக்காரன் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. ஒழுங்காகச் சொன்னவனும் இல்லை; என்னைப் பயமுறுத்தச் சொன்னான். அவன் அங்கே ஆறு வருடம் மட்டக்குதிரைகளோடு இருந்தவன். சித்திரைச் சீசனில் காலையிலிருந்து இருட்டும்வரை பிள்ளைகளை ஏற்றி ஏற்றி இறக்குவார்களாம். முதுகில் புண் வந்தால் அதன் மேலேயே பூப்போட்ட துணியைப் போட்டு மூடுவார்களாம். "அங்க போன குதிர ரெண்டு சீசன் பாக்காதுங்க கிளாக்கரையா," என்றான், வெற்றிலையைத் துப்பிவிட்டு.

இந்தக் குதிரைக்காரனுக்கு ஊர் மடுல்சீமை. வயது நாற்பத்தைந்து இருக்கும். அவனும் மனைவியும்தான் கொட்டில் வேலை. பங்களாவுக்குக் கீழே உள்ள லயத்தில் குடியிருந்தார்கள். அவன் குதிரைகளை வெளியே கொண்டுபோவான். அவள் கொட்டில் கூட்டி, தண்ணீர் சுமந்து, தீனி கலப்பாள். அதற்கு முன் கொழுந்து எடுத்தவள். வாய், கொழுந்து கிள்ளும் விரல்களைவிட வேகம்.

எனக்கும் அவனுக்கும் முதல் சண்டை நடையில் வந்தது. நடை என்றால் நடைதான். காலையில் ஒன்றரை மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம், ஓட்டமே இல்லாமல், கடினமான பாதையில். கால் நரம்பு இறுகுவதற்கும் குளம்பு பழகுவதற்கும் வேறு வழி கிடையாது. மூன்றாம் நாள் அவன் முக்கால் மணி நேரத்தில் திரும்பி வந்தான்.

"என்னப்பா, அதுக்குள்ள வந்துட்ட?"

"மேமலை சுத்தி வந்தாச்சுங்க."

"நடந்தா வந்த? கழுத்தெல்லாம் நனஞ்சிருக்கு."

"பனிங்க அது."

நான் செவலையின் வயிற்றுப்பட்டிக்குள் விரலை விட்டேன். நுரை. "பனி இதுக்குள்ளயும் பெஞ்சிருக்காப்பா?"

அவன் சிரிக்கவில்லை. "இந்தாங்க கிளாக்கரையா, சொன்ன தூரம் போயாச்சு, பேர் போட்டாச்சு. முடிஞ்ச வேலைய மறுபடி செய்யச் சொல்ல நீங்க என்ன கங்காணியா?"

தோட்டத்தில் வளர்ந்தவனின் பழக்கம் அது. இத்தனை கிலோ கொழுந்து என்றால், எவ்வளவு சீக்கிரம் எடுத்தாலும் அன்றைய பேர், அதாவது ஒரு நாள் கூலி, விழுந்துவிடும். மிச்ச நேரம் அவனுடையது. குதிரைக்கும் அப்படித்தான் என்று நினைத்தான். தூரத்தைச் சொன்னது என் பிழையல்ல. தூரத்தைச் சொன்னவர் மெனேஜர். நான் நேரத்தைச் சொன்னேன். அன்று அவனை மறுபடி அனுப்பினேன். போனான். போகும்போது நான் கேட்க வேண்டுமென்றே என் தலைமுறையைப் பற்றி ஏதோ சொன்னான். நானும் அவன் காதில் விழும்படி பதில் சொன்னேன்.

அன்றிலிருந்து நான் தடியை ஊன்றிக்கொண்டு மலைப் பாதை வளைவில் போய் நிற்க ஆரம்பித்தேன். பனிமூட்டத்தில் ஆள் தெரியாது. குளம்புச் சத்தம் கேட்கும். நடையா ஓட்டமா என்பது காதுக்குத் தெரியும். ஓடினால் அங்கே கிடந்த ஒரு தகரத்தைத் தடியால் தட்டுவேன். "பேய் நிக்கிது பாரு," என்பான் குதிரையிடம்.

அவன் மனைவியோடு இன்னொரு தகராறு. தினமும் விடியற்காலை ஒவ்வொரு குதிரையும் இரவில் எத்தனை தடவை சாணி போட்டிருக்கிறது என்று பார்ப்பேன். எண்ணிக்கை குறைந்தால் குடல் மந்தம் என்று அர்த்தம். அன்று தீனியைக் குறைக்க வேண்டும், வேலையையும் குறைக்க வேண்டும். அவள் வாளியோடு வாசலில் நின்று என்னைப் பார்ப்பாள்.

"கிளாக்கரையா, எண்ணிட்டீங்களா? கூட்டலாமா? இல்ல, ஒவ்வொண்ணாப் பேரக் கூப்பிட்டுப் பெரட்டு எடுத்துட்டுத்தான் கூட்டணுமா?"

"வாய மூடிட்டு நில்லு. இது நாலு. நேத்து அஞ்சு."

"ஐயையோ, ஒண்ணு காணோமா? நா எடுக்கலைங்க. என் மடியப் பாத்துக்கங்க."

மார்கழியில் துள்ளோட்டம் தொடங்கினோம். மேட்டில் குதிரை ஓட வேண்டும், பள்ளத்தில் ஆள் இறங்கி அதை நடத்திவர வேண்டும். மேட்டு ஓட்டம் மூச்சையும் பின் தொடையையும் கட்டும். பள்ளத்தில் ஓடினால் முன்கால் கெடும். குதிரைக்காரன் மேட்டில் ஏறி உட்கார்ந்து, பள்ளத்தில் இறங்கி நடப்பதைக் கூலி குறைத்த மாதிரி எடுத்துக்கொண்டான். சேணம் உரசும் இடத்தில் தோல் தடிக்க உப்புத் தண்ணீர் தடவச் சொன்னேன். அதற்கும் முணுமுணுப்பு. மழை விட்டபாடில்லை. கொட்டில் கூரையில் மூன்று இடத்தில் ஒழுகியது. தகரம் கேட்டால் மெனேஜர் "சீசன் முடியட்டும்" என்றார். சீசனுக்கு முன் குதிரைக்குச் சளி பிடித்தால் சீசனே இல்லை என்பதை யார் சொல்வது?

எப்படியோ தை பிறக்கும்போது குதிரைகள் குதிரைகளாகிவிட்டன. செவலையின் வயிறு உள்ளே ஏறிவிட்டது. கழுத்தை அழுத்தினால் ரப்பர் மாதிரி எதிர்த்தது. மேட்டில் ஓடி வந்து நின்றால் பத்து நிமிடத்தில் மூச்சு பழைய நிலைக்கு வந்துவிடும். நாலில் அதுதான் முதலில் தேறியது.

பொங்கலுக்கு மகள் கூப்பிட்டாள். குதிரைகளுக்கு இரண்டு நாள் ஓய்வு என்று வைத்துக்கொண்டு பதுளைக்கு இறங்கினேன். இறங்குமுன் குதிரைக்காரனை நிற்க வைத்துச் சொன்னேன். வேலை இல்லாத நாளில் கொள்ளும் ஓட்ஸும் பாதிதான். வேலை செய்யும் குதிரைக்குப் போடும் தீனியைச் சும்மா நிற்கும் குதிரைக்குப் போட்டால், மறுநாள் வேலைக்கு இறங்கியதும் தசை பூட்டிக்கொள்ளும். மூன்றாம் நாளும் நடை மட்டும்தான்.

"பாதிதான?" என்றான். "காதுல விழுந்திருச்சுங்க. நீங்க போய் பேரப்புள்ளைங்கள எண்ணிட்டு வாங்க."

மகள் வீட்டில் பொங்கல் எப்படிப் போயிற்று என்பது இங்கே தேவையில்லை. மூன்றாம் நாள் காலை பஸ்ஸில் ஏறி, அப்புத்தளையில் இறங்கி, ஆட்டோ பிடித்துப் பங்களா வாசலுக்கு வந்தேன். வாசல் பாதையின் நட்ட நடுவில் செவலை நின்றுகொண்டிருந்தது. முதுகில் சேணம். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு, கழுத்தில் வாடிய செவ்வந்தி மாலை. உடம்பெல்லாம் வியர்வை ஒழுக, பின்கால் இரண்டும் மரக்கட்டை மாதிரி விறைத்திருந்தன. குதிரைக்காரன் கடிவாளத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். பின்னால் மெனேஜர் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"விடுடா!" என்றேன். அறுபது யார் தூரத்திலிருந்து எனக்கு அந்தக் குரல் எங்கிருந்து வந்ததோ தெரியாது. அவன் விட்டுவிட்டான்.

நான் கிட்டே போய்ப் பின்தொடையைத் தொட்டேன். கருங்கல். நான் கையை எடுக்குமுன் அது மூத்திரம் பெய்தது. பால் விடாத சாயத் தண்ணீர் இருக்கிறதே, அந்த நிறம். தசை கரைந்து போகும்போது வரும் நிறம் அது. இரண்டு தடவை கொழும்பில் பார்த்திருக்கிறேன். அதில் ஒரு குதிரையை அப்படியே நடத்திக் கொட்டிலுக்குக் கொண்டுபோனார்கள். அது பிறகு எழுந்திருக்கவில்லை.

"என்ன குடுத்த?"

"கொள்ளு பாதிதான் குடுத்தேன்."

"என்ன குடுத்தன்னு கேட்டேன்."

அவன் மனைவி கொட்டில் பக்கமிருந்து வந்தாள். அவள்தான் சொன்னாள். முன்பு லயத்துக்குப் பின்னால் மாட்டுக்காலை, அதாவது தொழுவம், இருந்ததாம். மாடுகளை விற்று வருடங்கள் ஆகிவிட்டன. மாட்டுப் பொங்கலுக்குப் பொட்டு வைக்க ஒரு வாயில்லா ஜீவனும் இல்லாமல் வருடாவருடம் சும்மா கிடந்தார்களாம். இந்த வருடம் மேலே நாலு குதிரை நிற்கிறதே என்று மாலை கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். மற்ற மூன்றும் கடிக்க வந்தன. செவலை ஒன்றுதான் தலையைக் குனிந்து கொடுத்தது. ஆகவே பன்னிரண்டு வீட்டுச் சர்க்கரைப் பொங்கலும், இலையோடு, அது ஒன்றின் வயிற்றுக்குள்தான் போயிற்று.

"கொள்ளத்தான் பாதின்னீங்க," என்றான் குதிரைக்காரன், தரையைப் பார்த்து. "பொங்கலப் பத்தி நீங்க ஒண்ணும் சொல்லலையே."

"அது போகட்டும். இன்னிக்கு நடை மட்டுந்தான்னு சொன்னேனே?"

அவன் மெனேஜரைப் பார்த்தான். மெனேஜர் வேறு பக்கம் பார்த்தார். காலையில் விருந்தாளிகள் வராந்தாவில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்களாம். வீடியோ எடுக்க ஆசைப்பட்டார்களாம். பொட்டு வைத்த குதிரை புல்வெளியில் நாலுகால் பாய்ச்சலில் ஓடினால் நன்றாக இருக்கும் என்று மெனேஜர் நினைத்தாராம்.

"அங்கிள், அதெல்லாம் பிறகு பேசுவம். பத்து நிமிசத்தில வேன் வருது, புது கெஸ்ட். இது பாதையை மறைச்சுக்கொண்டு நிக்குது. ரெண்டு பேர் பின்னால தள்ளுங்க, ரெண்டு பேர் இழுங்க."

"அசைக்கக் கூடாது."

"எவ்வளவு நேரத்துக்கு?"

"மிருக வைத்தியர் வரும்வரைக்கும். அதுக்குப் பிறகும் அவர் சொன்னாத்தான்."

"நீங்க பைத்தியமா? இது ஹோட்டல்!"

"தம்பி, குதிரைய ஓட்டினது நீங்க. இனி வேன ஓட்டுறவனுக்கும் நீங்களே பதில் சொல்லுங்க." இதைச் சொல்லிவிட்டு நான் என் பெட்டியைச் செவலையின் முன்னால் வைத்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன். தைரியத்தால் அல்ல. பதுளையிலிருந்து பஸ்ஸில் நின்றே வந்திருந்தேன்.

மெனேஜர் தோட்டக்காரர்களைக் கூப்பிட்டார். இரண்டு பேர் வந்தார்கள். குதிரைக்காரன் அவர்களைப் பார்த்து, "கிட்ட வந்தா ஒதைக்கும்டா," என்றான். அந்தக் குதிரை பிறந்ததிலிருந்து யாரையும் உதைத்ததில்லை. அன்று நினைத்தாலும் அதனால் காலைத் தூக்கியிருக்க முடியாது. ஆனாலும் அவர்கள் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார்கள்.

குளிர்காற்று படக் கூடாது என்று போர்வை கேட்டேன். பங்களாப் போர்வை கொடுக்க முடியாது என்றார் மெனேஜர், வெள்ளைப் போர்வையாம். குதிரைக்காரனின் மனைவி கீழே ஓடினாள். திரும்பி வந்தபோது கையில் ஐந்து கம்பளிகள், மழையில் கொழுந்து எடுக்கும்போது பெண்கள் தலையில் போட்டுக்கொள்ளும் முரட்டுக் கருப்புக் கம்பளிகள். கூடவே லயத்துப் பெண்கள் நாலைந்து பேர். அவர்கள் செவலையை இடுப்பிலிருந்து வால் வரை மூடினார்கள். ஒருத்தி அழுதாள். அழுகிறவளைப் பார்த்து, "ஒன் வீட்டுப் பொங்கல்லதான் முந்திரிக்கொட்ட கூட," என்றாள் குதிரைக்காரனின் மனைவி.

வேன் வந்தது. ஹாரன் அடித்தது. நான் எழுந்திருக்கவில்லை. விருந்தாளிகள் பெட்டிகளை இழுத்துக்கொண்டு நடந்தே போனார்கள், போகும்போது செவலையைப் படமும் எடுத்துக்கொண்டார்கள்.

பெட்டி மேல் இருந்தபடியே நான் கைப்பேசியில் அழைத்த மிருக வைத்தியர் பின்னேரம்தான் வந்தார். ஊசி போட்டார், தண்ணீர் நிறையக் கொடுக்கச் சொன்னார். மாலையில் அது ஒரு காலை எடுத்து வைத்தது. இருட்டுமுன் கொட்டிலுக்குப் போய்விட்டது. பிழைத்துக்கொள்ளும், ஆனால் ஒரு மாதத்துக்குப் பாய்ச்சல் கூடாது, நடையும் கொஞ்சம் துள்ளோட்டமும் போதும் என்றார் வைத்தியர். பெப்ரவரி முதல் சனிக்கிழமைக்கு மூன்று வாரம்கூட இல்லை.

மறுநாள் மெனேஜர் என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, என்ன காரணம் என்று கேட்டார். பொங்கலும் காரணம், நீங்கள் விட்ட ஓட்டமும் காரணம் என்றேன். இரண்டையும் சொன்னேன். அவர் ஒன்றை மட்டும் காதில் வாங்கிக்கொண்டார். குதிரைக்காரனுக்கு மூன்று நாள் பேர் வெட்டினார்.

அதன் பிறகு அவன் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டான். அவள் நிறுத்தவில்லை. "காட்டிக் குடுத்துட்டீங்கள்ல, நல்லா இருங்க," என்று தினமும் காலையில் ஒரு தடவை சொன்னாள். நான் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ. ஒரு குதிரை ஏன் முடங்கியது என்று கேட்டால் நான் சொல்லத்தான் செய்வேன்.

நாலாம் நாள் கையில் பிடித்து நடத்தினோம். எட்டாம் நாள் சேணம் இல்லாமல் மலையடி வரை. பத்து நாளைக்குப் பிறகு ஆள் ஏறிய நடை. குதிரைக்காரன் இப்போது நேரத்தைக் குறைக்கவில்லை. மாறாக நான் சொன்னதற்கு மேலும் நடந்தான். என்னைப் பார்க்காமல் நடந்தான். எனக்கும் அதில் ஆட்சேபணை இல்லை.

ஆனால் கணக்கு எங்கே போட்டாலும் இடித்தது. சனிக்கிழமை வேட்டைக்கு மெனேஜர் குறித்த வழி மலைமுகடு ஏறி, மேல் புல்வெளியை முழுப் பாய்ச்சலில் கடந்து, அந்தப் பக்கப் பாறைவரை போனது. செவலை அந்தப் பாய்ச்சலில் மறுபடி பூட்டிக்கொள்ளும். போகாமல் நிறுத்தினால் ஏரிக்கரை. நான் மெனேஜரிடம் போய், இன்னும் இரண்டு வாரம் தாருங்கள் என்றேன். "அங்கிள், நாலு கெஸ்ட், நாலு குதிரை. ஓடினா இருக்கட்டும். ஓடாட்டி திங்கக்கிழமை லொறி வரும்," என்றார்.

வெள்ளிக்கிழமை காலை குதிரைக்காரன் கருவாட்டுச் சாக்கைத் தொட்டியில் ஊறப் போட்டுக்கொண்டிருந்தான். சாக்கு இழுப்பவன் அவன்தான். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் போய் நின்றேன். இத்தனை நாளில் முதல் தடவையாக, வேலை ஏவாமல் பேசினேன்.

"நாய் எங்க போகும்?"

அவன் நிமிரவில்லை. "சாக்கு போற எடத்துக்கு."

"குதிரை?"

"நாய் போற எடத்துக்கு."

"மேல் புல்வெளிக்குப் போகாம வேற பக்கம் போனா, பாதை ஒடுக்கமா இருந்தா, குதிரை ஓட முடியாது. நடந்துதான் போகணும்."

அவன் சாக்கைத் திருப்பிப் போட்டான். கை முழுக்கக் கருவாட்டுத் தண்ணீர். "எனக்கு வெட்டின பேர ஒங்க தொரகிட்ட சொல்லி வாங்கிக் குடுக்க முடியுமா?"

"முடியாது."

"அப்ப எதுக்கு வந்து நிக்கிறீங்க? நாறுது, போங்க."

நான் போனேன். அவன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியாது. அன்றிரவு நான் தூங்கவில்லை.

சனிக்கிழமை காலை நான் கொட்டிலுக்கு வருமுன்பே அவன் சாக்கோடு புறப்பட்டுவிட்டிருந்தான். அவன் மனைவி செவலையைத் தேய்த்து, நெற்றியில் மறுபடி பொட்டு வைத்திருந்தாள். அழிக்கச் சொன்னார் மெனேஜர். "அழிக்கிறேங்க தொர," என்று சொல்லி, துணியை நெற்றிக்கு அருகே இரண்டு தடவை ஆட்டிவிட்டு வந்தாள். நாலு விருந்தாளிகள். அவர்களில் கனமான ஒருவரைச் செவலையில் ஏற்றப் பார்த்தார் மெனேஜர். நான் அவரோடு வாசலிலேயே சத்தம் போட்டு, மெலிந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்ணுக்கு மாற்றினேன். மெனேஜர் விருந்தாளிகளுக்கு முன்னால் சிரித்துக்கொண்டு, பல்லுக்குள்ளே, "இண்டைக்கோட உங்கட வேலை முடிஞ்சுது, அங்கிள்," என்றார். அடுத்த நிமிடம் அதே விருந்தாளிகளிடம், இந்தக் குதிரை சாகக் கிடந்தது, நாங்கள் தேற்றி எடுத்தோம், இன்றைக்கு உங்களோடு வேட்டைக்கு வருகிறது என்று ஆங்கிலத்தில் பெருமையடித்தார்.

நாய்களை அவிழ்த்தார்கள். பதினொன்றும் குரைத்துக்கொண்டு மலையடிவரை ஓடின. அங்கே பாதை இரண்டாகப் பிரியும். வலது பக்கம் முகடு, இடது பக்கம் தேயிலை. முதல் நாய் நின்று மோந்தது. பிறகு இடது பக்கம் திரும்பியது.

எனக்கு வாசலிலிருந்து நன்றாகத் தெரிந்தது. தேயிலைக்குள் ஒற்றையடிப் பாதை, பக்கத்தில் மழைத் தண்ணீர் ஓடும் கான். குதிரைகள் வரிசையாக ஒன்றன் பின் ஒன்றாக நடந்தன. ஓட நினைத்தாலும் இடமில்லை. சிவப்புக் கோட்டுகள் பச்சைக்குள் மெல்ல மெல்ல நகர்ந்தன. மெனேஜர் ஜீப்பில் ஏறிக் கீழே விரைந்தார். நான் குறுக்குப் படிகளில் தடியூன்றி இறங்கினேன்.

வேட்டை லயத்து முற்றத்தில் முடிந்தது. கருவாட்டுச் சாக்கு தண்ணீர்க் குழாயடியில் கிடந்தது. நாய்கள் அதை மோந்துவிட்டு, சொந்த ஊருக்கு வந்துவிட்டோம் என்று புரிந்ததும், ஆளுக்கொரு வாசலுக்குப் போய்ப் படுத்துவிட்டன. காயப்போட்ட உடுப்புகளுக்கு நடுவே நாலு குதிரைகள், நாலு சிவப்புக் கோட்டுகள். கனமான விருந்தாளி, இதுதான் முடிவா என்று கேட்டார். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். குதிரைக்காரனின் மனைவி எல்லாருக்கும் சாயத் தண்ணீர் போட்டுக் கொடுத்தாள்.

மெனேஜர் குதிரைக்காரனிடம் போய், ஏன் இந்தப் பக்கம் இழுத்தாய் என்று கேட்டார்.

"பனி தொர. வழி தெரியல."

வானத்தில் ஒரு துண்டு மேகம்கூட இல்லை.

நான் இதையெல்லாம் அரைக் காதால்தான் கேட்டேன். செவலையின் பின்தொடையில் கை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். தசை இளகி, சூடாக, சாதாரணமாக இருந்தது. விலாவைப் பார்த்து மூச்சை எண்ணினேன். சரியாக இருந்தது. கடைசியில் அது காலை அகட்டியது. மஞ்சள். வெறும் மஞ்சள். நான் தடியைப் பிடித்துக்கொண்டு குழாயடித் திண்டில் உட்கார்ந்துவிட்டேன்.

குதிரைக்காரன் வந்து கடிவாளத்தை வாங்கிக்கொண்டான். நன்றி சொல்ல வாயெடுத்தேன்.

"ஒங்களுக்காகச் செய்யல," என்றான். "பொட்டு வச்ச மாட்டத் தை மாசம் முடியாம விக்கிறதில்ல, எங்க லயத்துல."

"இது குதிரைப்பா."

"பொங்கல் தின்னுச்சில்ல?"

திங்கட்கிழமை லொறி வரவில்லை என்று அப்புத்தளை ஆட்டோக்காரர் பிறகு சொன்னார். பொட்டு வைத்த குதிரையின் படத்தை அந்த மெலிந்த பெண் இணையத்தில் போட, அடுத்து வந்தவர்களும் அதையே கேட்டார்கள். விற்க மெனேஜருக்கு மனம் வரவில்லை. அவருக்கு மனம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தை முடிந்தும் அது அங்கேதான் நின்றது.

என்னை அந்தச் சனிக்கிழமையே போகச் சொல்லிவிட்டார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கொட்டிலைக் கடந்தபோது குதிரைக்காரன் வேண்டுமென்றே உள்ளே போனான். அவள் வாளியோடு வாசலில் நின்றாள்.

"போறீங்களா? அப்ப இனிமே சாணிய யாருங்க எண்ணுறது?"

"நீ எண்ணு. கொறஞ்சா தீனியக் கொற."

"எனக்கு வேற வேல இல்ல பாருங்க."

இப்போது நான் பதுளையில் இருக்கிறேன். மருமகன் பல்புகளை அணைக்காமல் விடுகிறார். சில நாள் விடியற்காலையில் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வருகிறது. எடுத்தால் வணக்கம் கிடையாது, விசாரிப்பு கிடையாது.

"கிளாக்கரையா, அஞ்சு," என்கிறாள். வைத்துவிடுகிறாள்.

என்னைக் கேலி செய்யத்தான் கூப்பிடுகிறாள் என்று தெரியும். நான் திருப்பிக் கூப்பிடுவதில்லை. அஞ்சு என்றால் சரிதான்.